எருக்கஞ்செடிக்கு டெண்டர் இல்லை

கல்குவாரி மூடினால் முதலில் போவது லாரி. அடுத்துப் போவது காவல்காரர். அதற்கடுத்து, ‘சுற்றிலும் கம்பிவேலி போடுவேன், மரம் நடுவேன், நிலத்தைச் சீர்செய்து ஒப்படைப்பேன்’ என்று எழுதிக் கொடுத்தவர் போகிறார். கடைசியாகப் போவது அவர் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்த கோப்பு.

மிஞ்சுவது குழி. அது மட்டும் எங்கும் போவதில்லை.

அவலூர்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் செஞ்சி, ஒரு பக்கம் திருவண்ணாமலை. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் குன்றுகள் கூடவே வரும். சில குன்றுகள் முழுசாக வரும். சில குன்றுகள் பாதியாக வரும். சில இடங்களில் குன்றின் பெயர் மட்டும் வரும். குன்று, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ சென்னையின் பதினான்கு மாடிக்கோ முன்பே புறப்பட்டுப் போயிருக்கும். உருவாக 200 கோடி ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட பாறையை ஜல்லியாக்க ஒரு குத்தகைக் காலம் போதும். வளர்ச்சி வேகமானது. ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, குழி கிடக்கிறது. அரசு வரவில்லை. குத்தகைதாரர் வரவில்லை. அப்புறம் என்ன நடக்கிறது?

எருக்கு வருகிறது.

யாரும் கூப்பிடவில்லை. பஞ்சு கட்டிய விதை காற்றில் மிதந்து வந்து, கிரஷர் தூசி படிந்த ஓர் இடுக்கில் இறங்குகிறது. அதன் பின்னாலேயே கிணற்றுப்பாசான், துத்தி, தும்பை, நெருஞ்சி. முதல் இரண்டு மழையில் கொழிஞ்சி தலைகாட்டும். வயலுக்குத் தழையுரமாகப் போடுகிறோமே, அதே கொழிஞ்சி. காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்து வேர்முடிச்சில் வைத்துக்கொள்கிற செடி. செத்த மண்ணுக்கு முதல் சோறு போடுவது அதுதான். அதற்குப் பின் ஆவாரை வரும், மஞ்சள் மஞ்சளாக. பறவை போட்ட எச்சத்திலிருந்து பாறை வெடிப்பில் இச்சி முளைக்கும். நுணா வரும், காரை வரும், சூரை முள் வரும். பொறுமையாக இருந்தால் உசிலையும் வெப்பாலையும் வரும். குழியின் அடியில் தண்ணீர் நின்றால் சம்பு நிற்கும். எருக்கிலையைத் தின்ன வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு வரும், ஆவாரைக்குக் கொன்னை வெள்ளையன் வரும். வெடிவைத்த பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை குடித்தனம் வைக்கும்.

மொத்தச் செலவு: பூஜ்யம். திட்ட மதிப்பீடு கிடையாது. ஒப்பந்தப்புள்ளி கிடையாது. இரண்டாம் கட்ட நிதி, மூன்றாம் கட்ட நிதி, கூடுதல் நிதி எதுவும் கிடையாது. அதனால்தான் இதைப் பற்றி யாருக்கும் தெரியாது. செலவாகாத வேலை எதுவும் இந்த நாட்டில் வேலையாகக் கருதப்படுவதில்லை.

நல்லவேளை, எருக்கஞ்செடிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் முறைப்படி விண்ணப்பித்திருக்கும். கனிமவளத்துறை அதை வருவாய்த்துறைக்கு அனுப்பியிருக்கும். வருவாய்த்துறை, ‘இடம் கல்லாங்குத்து, தரிசு, எனவே இங்கே எதுவும் முளைக்க வாய்ப்பில்லை’ என்று கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையை இணைத்து வனத்துறைக்கு அனுப்பியிருக்கும். வனத்துறை, ‘இது எங்கள் எல்லைக்குள் வராது’ என்று திருப்பியிருக்கும். மூன்று துறையும் சேர்ந்து ஒரு கூட்டுப் புலத்தணிக்கை நடத்தி, எருக்கு வளர ஏற்ற இடம் இதுவல்ல என்று முடிவெடுத்திருக்கும். எருக்கின்மேல் உட்கார்ந்துகொண்டே எடுத்திருக்கும்.

இப்படி மூன்று நான்கு ஆண்டு விட்டுவைத்தால் குழி காடாகத் தொடங்கும். அப்போதுதான் அரசுக்குச் சுற்றுச்சூழல் நினைவு வரும்.

ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்து நிற்கும். எதற்கு? ‘புதரைச் சுத்தம் செய்ய.’ ஆவாரை போகும், கொழிஞ்சி போகும், தலையெடுத்த இச்சி போகும். சமனான இடத்தில் பந்தல் எழும்பும். நாற்காலி, சால்வை, பூவாளி, ட்ரோன் கேமரா. ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று பிளாஸ்டிக் பிளெக்ஸில் அச்சடித்த இருபதடி பேனர். அதன் கீழே ஒன்றரை அடி மரக்கன்று. கன்றைச் சுற்றிக் கூண்டு. கூண்டின்மேல் தகரப் பலகை. பலகையில் பெயர். கன்றின் பெயர் அல்ல, நட்டவர் பெயர்.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு கன்றைப் பிடித்திருக்கும் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கன்று தப்பித்து ஓடிவிடுமோ என்கிற பயம் அந்தப் பிடியில் தெரியும். ஓடத் தெரிந்திருந்தால் ஓடியிருக்கும்தான்.

சித்திரையில் கன்று காயும். கூண்டு நிற்கும். ஆனி ஆடியில் அதே கூண்டுக்குள் வேறொரு செடி எட்டிப் பார்க்கும். பார்த்தால், எருக்கு.

அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே விழா. கூண்டு மட்டும் புதுசு. ஏனென்றால் கூண்டுக்குத்தான் பில்.

இதையெல்லாம் கீழ்மட்டத்து அலட்சியம் என்று நினைத்து நாம் சமாதானம் ஆகிவிடக்கூடாது. மேல்மட்டத்திலும் இதே நாடகம்தான். அங்கே பிளெக்ஸுக்குப் பதில் அரசாணை. 2022-ஆம் ஆண்டின் நாட்காட்டியைக் கொஞ்சம் புரட்டுங்கள்.

செப்டம்பர் 24: பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடக்கம். மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பைப் பத்தாண்டில் 33 சதவீதமாக உயர்த்தப்போகிறோம். கைதட்டல்.

நவம்பர்: மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிப்பு. 193.42 ஹெக்டேர். மீண்டும் கைதட்டல். இதில் நியாயமான கைதட்டலும் உண்டு. அந்தக் குன்றுகளை ஊர் மக்கள்தான் குவாரியிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

டிசம்பர்: முந்தைய ஆண்டு நவம்பரில் இதே அரசு ஒரு நல்ல விதி போட்டிருந்தது. தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு, எதுவானாலும் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது. டிசம்பரில் அந்த விதியைத் திருத்தினார்கள். பூங்காவும் சரணாலயமும் பட்டியலில் இருந்தன. காப்புக்காடு காணாமல் போயிருந்தது. குவாரிகள் முடங்குகின்றன, வருவாய் போகிறது என்று காரணம் பேசப்பட்டது.

அந்த மாதம் யாரும் கைதட்டவில்லை. தட்டியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தட்டினார்கள்.

செப்டம்பரில் மரம் நடுவோம். டிசம்பரில் மரம் இருக்கிற இடத்தின் விளிம்பில் வெடி வைப்போம். நடுவே மூன்று மாதம். ஒரு கன்று வேர்பிடிக்கக்கூட அந்த அவகாசம் போதாது.

இந்தத் திருத்தம் செஞ்சி வட்டாரத்துக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே தேசியப் பூங்கா கிடையாது. புலிகள் காப்பகம் கிடையாது. பாக்கமலை உள்பட இந்தக் குன்றுக்காடுகளுக்குச் சட்டம் தந்திருக்கும் ஒரே மரியாதை காப்புக்காடு என்பதுதான். அந்த ஒன்றை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். யானை வந்தால் காடு, புலி வந்தால் காடு, உசிலையும் கிளுவையும் சதுரக்கள்ளியும் முள்ளம்பன்றியும் மட்டும் வந்தால் அது குவாரிக்குப் பக்கத்து மனை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராத்தியர் காலத்து இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகள். அதில் தமிழ்நாட்டுக்கு ஒன்று. பெருமைதான். கோட்டையின் ராஜகிரிக் குன்றின்மேல் ஒரு செங்கல்லை நகர்த்த முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கு மேல் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. மத்தியச் சட்டம்.

அதே பாறை, அதே வயது, அதே செடி உள்ள பக்கத்துக் குன்றுக்கு என்ன பாதுகாப்பு? ஒன்றுமில்லை. அது செய்த ஒரே தப்பு, எந்த ராஜாவும் அதன்மேல் ஏறவில்லை. கோட்டை ஏறிய குன்றுக்கு யுனெஸ்கோ. ஏறாத குன்றுக்குக் கம்ப்ரசர். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் இன்னும் நாலு குன்றில் குதிரையை ஏற்றி இறக்கியிருந்தால், வட்டாரத்தில் இன்னும் நாலு காடு பிழைத்திருக்கும். வரலாற்றுப் பிழை அவருடையது. நம் அரசுகளைக் குறைசொல்லக் கூடாது.

நிலத்தைச் சுரண்டிவிட்டுக் கிளம்புவது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பழைய தென்னாற்காட்டின் கதையே அதுதான். 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்துப் பக்கமிருந்து. அடுப்புக்கு நிலக்கரி அல்ல, மரக்கரி. கிழக்கிந்தியக் கம்பெனி முன்பணம் கொடுத்துத் தாங்கியது. தொழிலுக்குச் சலுகை, காட்டுக்குக் கோடாலி என்ற நிர்வாகத் தத்துவம் அப்போதே முழு வடிவம் பெற்றுவிட்டது. உலை எரிய எரியக் காடு கரியானது. 1860-களில் ஆலை மூடியது. இலாபம் பார்த்தவர்கள் குறைவு. கரியானது திரும்பவில்லை.

அடுத்தது அவுரி. சென்னை மாகாணத்தில் நீலச்சாயத்துக்குப் பேர்போன மாவட்டங்களில் தென்னாற்காடும் ஒன்று. அவுரியை ஊறவைத்து அடித்து நீலம் எடுக்கும் தொட்டிகள் ஊருக்கு ஊர் இருந்தன. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டது. சில ஆண்டுகளில் தொட்டிகள் காய்ந்தன. திண்டிவனம் பக்கம் இன்றும் சிலர் விடாமல் அவுரிச் சாயம் எடுக்கிறார்கள். மற்ற இடங்களில் தொட்டி இடிந்தது, சாகுபடி நின்றது. ஆனால் அவுரி போகவில்லை. வரப்போரத்தில், வேலியோரத்தில், யாரும் விதைக்காமல் நிற்கிறது. தொழில் ஓடியது. செடி நிலத்தோடு நின்றது. யார் இந்த ஊர்க்காரர் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

அரசு தானாக விரும்பி இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த செடி ஒன்றும் உண்டு. சீமைக் கருவேலம். விறகுக்கு ஆகும் என்று சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் கேட்டனுப்ப, ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-ல் மாகாணத்தில் ஊன்றப்பட்டது. நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது. அரசு நட்டதில் பிழைத்த மரம் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் கையை நீட்டலாம்.

இப்போது அதே மரத்தை ஒழிக்க அரசு பாடுபடுகிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேரோடு அகற்றச் சொன்னது. ஊர் ஊராக ஜேசிபி ஓடியது. சில மாதத்தில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. 2022-ல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று மாநிலக் கொள்கையே வந்தது. கொள்கை நன்றாகத்தான் இருக்கிறது. எடுத்த இடத்தில் மண்ணுக்குரிய செடி வளர வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் ஜேசிபிக்குக் கொள்கை படிக்கத் தெரியாது. அதன் வாளிக்குக் கருவேலமும் ஒன்றுதான், காரையும் ஒன்றுதான். மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறபோது செடிக்குச் செடி நின்று பெயர் கேட்க முடியுமா? பச்சையாக இருந்ததெல்லாம் போகும். வழித்தெடுத்த வெறும் மண்ணில் மறுபடி முதலில் முளைப்பது எது தெரியுமா? ஆட்டுப் புழுக்கையோடு வந்து விழுந்த கருவேல விதை. அடுத்த ஒப்பந்தத்துக்கு வேலை தயார்.

‘சட்டம் இல்லையா?’ என்று கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. இருக்கிறது. நம்மிடம் சட்டத்துக்கு மட்டும் வறட்சி வந்ததே இல்லை. 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் இருக்கின்றன. சுரங்கத் திட்டம் கொடுக்கும்போதே மூடும் திட்டமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது? பெரிய இடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ‘எங்களுடையது சிறுசு’ என்று சட்டத்துக்குள் நுழையாமலே தப்பித்துக்கொண்டிருந்தார்கள். மலையை உடைக்கும் முன் கணக்கை உடைத்தார்கள்.

2020 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் புல் வளர்த்து, ஆடுமாடு மேயவும் உயிரினங்கள் வாழவும் தகுந்த நிலமாகத் திருப்பித் தர வேண்டும், இதைக் குத்தகை நிபந்தனையிலேயே சேருங்கள் என்றது. புல். வேறொன்றும் கேட்கவில்லை. பூங்கா கேட்கவில்லை, நீரூற்று கேட்கவில்லை. புல் கேட்டது.

அவலூர்பேட்டை வாரச்சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவரிடம் போய்க் கேளுங்கள், குவாரிக்காரர் வளர்த்த புல்லில் உங்கள் ஆடு எத்தனை நாள் மேய்ந்தது என்று. சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் இந்தத் தீர்ப்பின் அமலாக்க அறிக்கை.

வேலியாவது போட்டார்களா? ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செய்தித்தாளின் உள்பக்கத்தைப் பாருங்கள். கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போன சிறுவர்கள் மூழ்கினார்கள் என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும். செய்தி ஐந்து வரி. ஆறாவது வரியில் காவல்துறை விசாரிக்கிறது. யாரை விசாரிக்கிறது? தண்ணீரை. குத்தகைப் பத்திரத்தில் வேலி இருந்தது. சோதனைக் குறிப்பில் வேலி இருந்தது. குழியைச் சுற்றி மட்டும்தான் இல்லை.

அந்தத் தண்ணீருக்கும் ஒரு காலம் வந்தது. 2017-ல் சென்னை தவித்தபோது, மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து மாநகரத்துக்குக் கொடுத்தார்கள். 2019-லும் அதே கதவைத் தட்டினார்கள். கைவிட்ட குழிக்கு மதிப்பு உண்டு என்பதை அரசுக்கு வறட்சி வந்துதான் சொல்லிக்கொடுத்தது. மழை பெய்தது. பாடம் மறந்துபோயிற்று.

அரிட்டாபட்டிக்கு வருவோம். பாரம்பரியத் தலம் என்று அறிவித்து இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க வட்டாரம் ஒன்றிய அரசின் ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. ஒரு கை பாரம்பரியப் பட்டயம் கொடுக்கிறது, இன்னொரு கை விலை கேட்கிறது. நான் இல்லை, அவர்தான் என்று சென்னையும் டெல்லியும் விரல் நீட்டிக்கொண்டன. அரிட்டாபட்டி அடங்கிய மேலூர் வட்டார மக்கள் இரண்டு விரலையும் நம்பவில்லை. கடையை அடைத்தார்கள், நடந்தார்கள், தெருவை நிறைத்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். ரத்து செய்ததற்காகப் பாராட்டு விழாக்கள். வீட்டுக்குத் தீ வைக்காமல் போனதற்காக ஒருவருக்கு மாலை போடும் வழக்கம் உலகத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துத் திருவண்ணாமலையில் கவுத்தி மலை, வேடியப்பன் மலை. இரும்புத்தாதுக்காக 325 ஹெக்டேர் காட்டைக் கேட்டார்கள். லட்சக்கணக்கில் மரம் போகும் என்று கணக்கு. மக்கள் மறித்தார்கள். மலை இன்னும் மலையாகவே இருக்கிறது. அதைக் காப்பாற்றிய பெருமைக்கு எந்தத் துறையும் உரிமை கோரவில்லை. கோரவும் முடியாது.

இந்த விஷயத்தில் நம் அதிகாரிகள் வெளிநாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். கல்விச் சுற்றுலா போட்டுவிடுவார்கள். இருந்தாலும் போகிற செலவு மிச்சமாகட்டும் என்று இங்கேயே சொல்லிவிடலாம். ஜெர்மனியில் ரூர் பள்ளத்தாக்கு என்று ஒன்று. நிலக்கரியும் எஃகுமாகப் புகைந்த இடம். டூயிஸ்பர்க் நகரில் 1985-ல் மூடிய இரும்பாலையை அவர்கள் இடித்து மனை போடவில்லை. 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். உலை அப்படியே நிற்கிறது, இடுக்கெல்லாம் காட்டுச்செடி. அந்த வட்டாரத்தில் பல பழைய தொழிற்சாலை நிலங்களில் தானாக வந்த காட்டைத் தானாகவே வளரவிட்டு, ‘தொழிற்சாலைக் காடு’ என்று பெயர் கொடுத்து, அதற்கு வன அலுவலரும் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கான்வி விக் என்ற இடம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காகத் தயார்செய்து எழுபதுகளில் கைவிட்ட நிலம். உள்ளே போய்ப் பார்த்தால் அரிய பூச்சிகளின் கூட்டம். 2005-ல் சட்டப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் இப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தால் முதலில் பூச்சிமருந்து அடித்திருப்போம்.

அவர்களுக்கு நம்மைவிடச் செடிமேல் பாசம் அதிகம் என்று சொல்லவில்லை. அவர்களும் தோண்டியவர்கள்தான், நமக்கும் சேர்த்துத் தோண்டியவர்கள். தோண்டி முடித்த பிறகாவது, இயற்கை வேலை செய்யும்போது குறுக்கே நிற்காமலிருக்கக் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான். நம் தேவையும் அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையா? செஞ்சி, திண்டிவனம் பக்கம் இருளர் குடும்பங்களைக் கேளுங்கள். எந்த வேர் எந்தப் பாறைச் சரிவில், எந்தக் கிழங்கு எந்த மழைக்குப் பிறகு என்று தலைமுறையாகச் சொல்லத் தெரிந்தவர்கள். மாவட்டப் பசுமைக் குழுவில் அவர்களில் எத்தனை பேருக்கு நாற்காலி போடுகிறோம்? விழாவில் குழிவெட்ட மட்டும் கூப்பிடுகிறோம். காட்டுக்குள் சுள்ளி பொறுக்கினால் அவர்கள்மேல் வழக்கு. காட்டோரத்தில் வெடி வைப்பவருக்கு நடைச்சீட்டு. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்துவிட்டது. அதன் நியாயம் மட்டும் இன்னும் சுள்ளிக்கட்டு வரைகூட இறங்கி வரவில்லை.

கோபம் போதும். என்ன வேண்டும் என்று கேட்பார்கள். சொல்கிறோம்.

காப்புக்காடு என்ற சொல்லை அந்த ஒரு கிலோமீட்டர் விதிக்குள் திரும்ப வையுங்கள். எடுக்க ஓர் அரசாணை போதுமானதாக இருந்தது. வைக்கவும் ஓர் அரசாணை போதும்.

குத்தகை முடிந்த ஒவ்வொரு குவாரியின் மூடும் திட்டத்தையும் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். வேலி போட்டாரா, புல் வளர்த்தாரா, வைப்புத்தொகை எங்கே, மூன்று வரி. சீர்செய்யாதவருக்கு அடுத்த குத்தகை இல்லை. அவருக்கும் இல்லை, அவருடைய மைத்துனர் பெயருக்கும் இல்லை.

மூடிய குவாரியில் சில ஆண்டுகளுக்கு விழா வேண்டாம். வேலி போடுங்கள், கருவேலங்கன்றைக் கையால் பிடுங்குங்கள். அதற்கு ஊரக வேலைத் திட்டத்துக்காரர்கள் போதும், பொக்லைன் வேண்டாம். பிறகு சும்மா இருங்கள். இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டிய இடத்திலெல்லாம் சும்மா இருந்த பழக்கம் உங்களுக்கு உண்டு. முதல்முறையாக அது நாட்டுக்குப் பயன்படட்டும்.

வாசகருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. மாவட்டப் புவியியல், சுரங்கத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு. எங்கள் ஊரில் குத்தகை முடிந்த குவாரி எத்தனை, ஒவ்வொன்றின் மூடும் திட்டத்தின் நகல் எங்கே? முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள், அது ஒப்புதல் வாக்குமூலம்.

அந்தப் பதிலோடு அடுத்த கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது முன்னால் வருகிறதோ அது. வழக்கம்போல மரம் நடுவதாக ஒரு தீர்மானம் எழுதிவைத்திருப்பார்கள். குவாரிக் குழியைப் பற்றிய கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.